விம்: டெர்மினலிலா, தனிச் சாளரத்திலா?

கேள்வி. மார்ச் 3, காலை 9.15

இரண்டு மாதமாக விம் என்ற எடிட்டரை டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில், பயன்படுத்துகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் தனிச் சாளரத்தில் வரும் ஜிவிம்தான் திறக்கிறார். இன்னொருவர் அதை மூன்று சக்கர சைக்கிள் என்று கிண்டல் செய்கிறார். இரண்டும் ஒரே நிரல்தானே? இதை விட்டு அதற்குப் போனால் எனக்கு என்ன போகும், என்ன வரும்? பெரும்பாலும் என் கணினியில்தான் வேலை. வாரத்தில் ஒருநாள் சர்வருக்குள் போகவேண்டியிருக்கும். தமிழில் ஆவணங்களும் எழுதுவேன்.

பதில். மார்ச் 3, மதியம் 1.30

டெர்மினல். பன்னிரண்டு வருடமாக அதில்தான் இருக்கிறேன், குறை ஒன்றும் இல்லை. சர்வரில் ஜிவிம் இருக்காது. அங்கே தடுமாறுவதற்குப் பதில் இங்கேயே பழகிவிடுங்கள்.

மார்ச் 3, இரவு 10.50

மதியம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். மொட்டையாக இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை என்பதும் பொய். பழகிப்போன குறைகள் நிறைய இருக்கின்றன.

முதலில் உங்கள் "ஒரே நிரல்தானே" என்பதற்கு வருகிறேன். விம் ஒன்றேதான். ஆனால் டெர்மினலில் திறக்கும்போது ஓடுவது இரண்டு நிரல்கள்: விம் ஒன்று, டெர்மினல் இன்னொன்று. நடுவில் டிமக்ஸ் (ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை வைத்திருக்கும் நிரல்) இருந்தால் மூன்று. விசையை நீங்கள் அழுத்துகிறீர்கள், ஆனால் எந்த விசை என்பது விம்முக்குத் தெரியாது. டெர்மினல் அனுப்பும் பைட்டுகள் மட்டுமே அதற்குத் தெரியும். அந்தப் பைட்டுகளின் கணக்கு தொலைத்தட்டச்சுக் காலத்தது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த எழுத்துக்குக் கணினி வைத்திருக்கும் ஆஸ்கி எண்ணில் கடைசி ஐந்து பிட்டுகள் மட்டும் போகும். ஐ என்ற ஆங்கில எழுத்து 73, அதன் கடைசி ஐந்து பிட்டுகள் 9. ஒன்பது என்றால் டேப். எம் எழுத்து 77, அது 13 ஆகும். அது என்டர். சதுர அடைப்பின் திறப்பு 91, அது 27 ஆகும். அது எஸ்கேப்.

ஆகவே டெர்மினலில் டேப்புக்கு ஒரு வேலையும் கன்ட்ரோல்-ஐக்கு வேறு வேலையும் கொடுக்க முடியாது. தாவிய இடங்களில் முன்னோக்கிப் போவதற்கு விம்மில் கன்ட்ரோல்-ஐ. நான் ஒருமுறை டேப்பை வேறு எதற்கோ மாற்றி வைத்துவிட்டு, முன்னோக்கித் தாவல் ஏன் செத்துப்போயிற்று என்று ஒரு வாரம் தேடினேன். ஜிவிம்மில் இந்தத் தொல்லை இருக்காது.

மார்ச் 4, காலை 7.05

திருத்தம். "ஜிவிம்மில் இந்தத் தொல்லை இருக்காது" என்று தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். பழைய கணினியில் இருக்கும் ஜிவிம்மில் இப்போது சோதித்தேன். அதிலும் டேப்பும் கன்ட்ரோல்-ஐயும் ஒன்றுதான். விம் டெர்மினலில் பிறந்த நிரல், சாளரம் கொடுத்த பிறகும் உள்ளே விசைகளை அந்தப் பழைய கணக்கில்தான் வைத்திருந்தது. ஈமாக்ஸ் என்ற இன்னோர் எடிட்டரின் வரைகலைப் பதிப்பு, அதாவது தனிச் சாளரப் பதிப்பு, இரண்டையும் பிரித்துப் பார்க்கும். வேடிக்கை என்னவென்றால், புதிய விம்மை எக்ஸ்டெர்ம், கிட்டி மாதிரி டெர்மினலில் போட்டால் அதுவும் பிரித்துப் பார்க்கிறது. விசைகளை விரிவாக அனுப்பும் முறைகள் அவற்றில் வந்துவிட்டன. அதாவது இந்த ஒரு விஷயத்தில் புதிய டெர்மினல் பழைய ஜிவிம்மை விட மேல்.

சைக்கிள் கிண்டல்காரரிடம் இதைச் சொல்லவேண்டாம். ஏற்கெனவே துள்ளுகிறார் போலிருக்கிறது.

மார்ச் 4, இரவு 9.20

விசை என்றதும் நினைவுக்கு வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலம். அதுவரை எல்லா நிரல்களிலும் கன்ட்ரோல்-எஸ் போட்டுச் சேமித்த கை. விம்மிலும் அழுத்தியது. திரை உறைந்தது. எஸ்கேப்புக்கு அசையவில்லை, எதற்கும் அசையவில்லை. டெர்மினலை மூடிவிட்டேன். மறுபடி திறந்தால் சுவாப் கோப்பு (சேமிக்காததை விம் ஒதுக்கி வைக்கும் கோப்பு) இருக்கிறது என்று நீளமான எச்சரிக்கை. பயந்துபோய் அதில் அழி என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அரை மணி நேர வேலை போயிற்று.

விம் உறையவே இல்லை. கன்ட்ரோல்-எஸ் என்பது 19, "கொஞ்சம் நிறுத்து" என்று டெர்மினலுக்குச் சொல்லும் பழைய சைகை. கன்ட்ரோல்-க்யூ 17, "சரி, விடு". அதை அழுத்தியிருந்தால் அப்படியே உயிர் வந்திருக்கும். ஷெல்லின் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அமைப்புக் கோப்பில் "எஸ்டிடிஒய் மைனஸ் ஐக்ஸ்ஆன்" என்று ஒரு வரி போட்டால் இந்த நிறுத்தும் வேலையே இருக்காது. எனக்கு அது தெரிய மூன்று வருடம் ஆனது.

அன்று நான் திட்டியது விம்மை. குற்றவாளி நடுவில் இருந்தவர்.

மார்ச் 5

எஸ்கேப் அழுத்தினால் ஒரு நொடித் தயக்கம் வருகிறதே, அது விம்மின் மந்தம்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் இல்லை. டெர்மினலில் மேல் அம்புக்குறி அழுத்தினால் போவது மூன்று பைட்டுகள், முதல் பைட் எஸ்கேப். ஆல்ட் சேர்த்து அழுத்தினாலும் முன்னால் ஓர் எஸ்கேப் ஒட்டிக்கொள்ளும். ஆகவே எஸ்கேப் தனியாக வந்தால், பின்னால் இன்னும் ஏதாவது வருகிறதா என்று காத்திருந்து பார்க்கவேண்டும். பழைய டிமக்ஸ் இதற்காக 500 மில்லிநொடி காத்திருக்கும். அதில் "எஸ்கேப்-டைம்" என்பதைப் பத்துக்குக் குறையுங்கள். விம்மில் "டிடைம்அவுட்லென்" என்பதையும் குறையுங்கள். தயக்கம் போய்விடும்.

சாளரத்தில் இந்தச் சந்தேகமே எழாது. அங்கே எஸ்கேப் என்றால் எஸ்கேப்.

மார்ச் 7, பின்னிரவு

கிளிப்போர்டு. உண்மையில் பாதிப் பேர் ஜிவிம்முக்குப் போவது இதற்காகத்தான் என்பது என் ஊகம்.

உலாவியில் நகலெடுத்ததை விம்மில் ஒட்டவேண்டும். சாளரத்தில் அது ஒரு விஷயமே இல்லை. டெர்மினலில் இரண்டு வழி. ஒன்று, டெர்மினலே ஒட்டுவது. அப்போது விம்முக்கு வருவது ஒட்டல் இல்லை, யாரோ பேய் வேகத்தில் தட்டச்சு செய்வது போல வருகிறது. தானியங்கி உள்தள்ளல் இருந்தால் ஒவ்வொரு வரியும் முந்தையதை விட உள்ளே போய், கடைசியில் படிக்கட்டு மாதிரி நிற்கும். இப்போதைய டெர்மினல்கள் ஒட்டும் துண்டின் முன்னும் பின்னும் ஓர் அடையாளம் வைத்து அனுப்புகின்றன, விம் 8 முதல் அதைப் புரிந்துகொள்கிறது. ஆகவே படிக்கட்டு இப்போது அரிது. பழைய சர்வரில் வந்தால் "செட் பேஸ்ட்" போட்டு ஒட்டிவிட்டு, மறக்காமல் எடுத்துவிடுங்கள். நான் மறந்துவிட்டு, சுருக்கெழுத்துகள் ஏன் விரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டதுண்டு.

இரண்டாவது வழி, விம்மின் கூட்டல்குறிப் பதிவேடு: நகலெடுத்ததை விம் வைக்கும் இடங்களில், கணினியின் கிளிப்போர்டோடு இணைந்தது. அதற்கு விம்மைக் கிளிப்போர்டு வசதியோடு கட்டியிருக்கவேண்டும். பதிப்பு விவரத்தைக் கேட்டால் வரும் பட்டியலில் "கிளிப்போர்டு" என்பதற்கு முன்னால் கூட்டல்குறியா கழித்தல்குறியா என்று பாருங்கள். டெபியன் லினக்ஸில் நான் நிறுவிய சாதாரண விம் பொதியில் கழித்தல்தான் இருந்தது. "விம்-ஜிடிகே3" என்ற வரைகலைப் பொதியை நிறுவியதும் டெர்மினல் விம்முக்கும் கிளிப்போர்டு வந்துவிட்டது. டெர்மினலில் நிம்மதியாக இருப்பதற்காக வரைகலைப் பொதியை நிறுவியவன் நான். மார்ச் 3 மதியம் பேசிய அந்த வீராப்பு ஆளுக்கு இது தெரியுமா?

மார்ச் 7, காலை

விட்டுப்போனது: சர்வரிலிருந்து இங்கே நகலெடுப்பது. சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழியாகப் போனபின் அந்த விம்முக்கு உங்கள் கிளிப்போர்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஓஎஸ்சி 52 என்றொரு சைகை உண்டு. நகலெடுத்ததை பேஸ்64 என்ற வெறும் எழுத்து வடிவமாக மாற்றி, திரைக்கு வரும் எழுத்தோட்டத்திலேயே கலந்து அனுப்பும். உங்கள் டெர்மினல் அதைப் பிடித்துக் கிளிப்போர்டில் வைத்துவிடும். விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் 0.10இல் இது உள்ளேயே இருக்கிறது. இதைப் பொறுத்தவரை நடுவில் இருப்பவர் உதவிக்கு வருகிறார். நேற்றுவரை திட்டியதற்குப் பிராயச்சித்தமாக எழுதிவைக்கிறேன்.

மார்ச் 9

வேகம் பற்றி ஒரு சண்டை கிளம்பியிருக்கிறது. டெர்மினல்தான் வேகம் என்று நானும் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். இந்த வார இறுதியில் ஒரே பெரிய பதிவுக் கோப்பை இரண்டிலும் திறந்து, மேலும் கீழும் ஓடவிட்டுப் பார்த்தேன். வித்தியாசம் விம்மில் இல்லை, எந்த டெர்மினல் என்பதில்தான் இருந்தது. அலாகிரிட்டி என்ற டெர்மினலில் பறந்தது. பழைய டெர்மினல் ஒன்றில் சாளரத்தை இரண்டாகப் பிரித்ததும் திணறியது. ஜிவிம் நடுவில். அவ்வளவுதான்.

நிறமும் அப்படியே. டெர்மினல் என்றால் 256 நிறம் என்பது பழங்கதை. விம் 8 முதல் "டெர்ம்ஜியூஐகலர்ஸ்" என்ற ஒரு வரி போதும், 24 பிட் நிறம் கிடைக்கும். டெர்மினல் ஒத்துழைத்தால்.

மார்ச் 12, இரவு

ஜிவிம்மை ஒரு மாதம் முழுதாகப் பயன்படுத்திப் பார்ப்போம் என்று தொடங்கினேன். முதல் நாளே கிட் (git) என்ற, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில் மாட்டிக்கொண்டேன். எடிட்டர் என்ற சூழல் மாறியில் ஜிவிம் என்று வைத்தேன். கமிட், அதாவது மாற்றத்தைப் பதியும் கட்டளை, கொடுத்தேன். சாளரம் திறந்தது, செய்தியை எழுதினேன், சேமித்தேன். கமிட் ஆகவில்லை. திரும்பிப் பார்த்தால் டெர்மினலில் "செய்தி காலியாக இருக்கிறது, கைவிடுகிறேன்" என்று எப்போதோ சொல்லி முடித்திருந்தது.

ஜிவிம் திறந்ததும் தன்னைப் பிரித்துக்கொண்டு பின்னணிக்குப் போய்விடும். கிட் அதை "எழுதி முடித்துவிட்டார்" என்று எடுத்துக்கொள்கிறது. "ஜிவிம் -எஃப்" என்று வைத்தால் காத்திருக்கும். கிரான்டாப் (குறித்த நேரத்தில் ஓடும் வேலைகளின் பட்டியல்) திருத்தும்போதும் இதே கதைதான். தெரிந்தால் ஒரு நிமிட வேலை, தெரியாவிட்டால் அரை நாள்.

இன்னொன்று: மேசைத்தளப் பட்டியலிலிருந்து சொடுக்கித் திறக்கும் எடிட்டருக்கு உங்கள் ஷெல் அமைப்புக் கோப்பில் போட்டவை தெரியாமல் போகலாம். அங்கே சேர்த்த நிரல் பாதைகள் அதற்கு எட்டவில்லை, பிழைபார்க்கும் கருவி "இல்லை" என்று சொன்னது. ஷெல்லிலிருந்து ஜிவிம் என்று தட்டித் திறந்தால் எல்லாம் இருக்கிறது.

மார்ச் 13

கன்ட்ரோல்-இசட் இல்லாமல் கை ஊமையாகிவிட்டது. டெர்மினலில் அதை அழுத்தினால் விம் உறங்கும், ஷெல்லில் இரண்டு கட்டளை ஓட்டலாம், "எஃப்ஜி" என்றால் விட்ட இடத்தில் எழும். என் நாள் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது.

சரி, அதன் மறுபக்கமும் சொல்லவேண்டும். உறங்கவைத்ததை மறந்து அதே கோப்பை மறுபடி திறந்து, சுவாப் எச்சரிக்கையைப் பார்த்து விழித்த நாட்கள் எண்ணிலடங்காது. எண்ணினால் அவமானம்.

மார்ச் 16, மதியம்

கேள்வி கேட்டவர் நினைவூட்டுகிறார், "தமிழ் பற்றி யாரும் பேசவில்லையே" என்று. நியாயம். வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன், ஏனென்றால் இதில்தான் என் டெர்மினல் பக்தி சாய்கிறது.

டெர்மினல் என்பது சதுரங்கப் பலகை மாதிரி. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், சீன எழுத்துக்கு இரண்டு. தமிழ் எழுத்து கட்டத்துக்குள் அடங்குவதில்லை. ணை, ஞௌ இதெல்லாம் எவ்வளவு அகலம்! ஆனால் பெரிய பிரச்சினை அகலம் இல்லை, எண்ணிக்கை. "தமிழ்" என்ற சொல்லை எடுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. விம் மெய்க்குப் பின் வரும் குறிகளை எல்லாம் அதோடு ஒட்டி, மூன்று கட்டம் என்று கணக்கிடுகிறது. டெர்மினல்கள் பலவும் அகலம் அறிய நம்பியிருக்கும் பழைய அட்டவணை அப்படி இல்லை. புள்ளிக்கு அதில் அகலம் பூச்சியம், இகரக் குறிக்கு ஒன்று. ஆக நான்கு கட்டம். ஒரே சொல்லில் விம்முக்கும் டெர்மினலுக்கும் ஒரு கட்டம் தகராறு. கர்சர் ஓரிடத்தில் மின்னும், அழிவது பக்கத்து எழுத்து.

இதில் ஒரு கூத்து. யூனிகோடில் இகரக் குறி இடம் எடுப்பது, ஈகாரக் குறி இடம் எடுக்காதது என்று இரண்டு வகையில் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே "கி" இரண்டு கட்டம், "கீ" ஒரு கட்டம். "சீர்" என்று எழுதினால் எல்லாம் சரியாக இருக்கும். "விடியற்காலை" என்று எழுதினால் விம்முக்கு ஆறு, டெர்மினலுக்குப் பத்து. குறில் நெடிலை விட நீளம் என்பது நம் இலக்கணத்தில் எங்கும் இல்லாத செய்தி.

எம்எல்டெர்ம் மாதிரி இந்திய எழுத்துகளைக் கருதி எழுதப்பட்ட டெர்மினல் ஓரளவு பரவாயில்லை. ஆனால் தமிழ் ஆவணம் எழுதுவதற்காக டெர்மினலை மாற்றுவது என்றால் அப்புறம் எதற்கு டெர்மினல்?

ஆகவே தமிழுக்கு ஜிவிம்.

மார்ச் 16, இரவு

அவசரப்பட்டுவிட்டேன், மறுபடியும். கடைசி வரியை அழித்துவிடுங்கள்.

ஜிவிம்மிலும் கட்டம்தான். தனிச் சாளரம் வந்தாலும் உள்ளே அதே சதுரங்கப் பலகை. கணக்குப் போடுபவர் ஒருவரே என்பதால் கர்சர் தகராறு குறைகிறது, அவ்வளவுதான். "லை" மூச்சுத் திணறி ஒரே கட்டத்தில் நிற்கிறது, "கொ" பக்கத்து வீட்டுச் சுவரில் இடிக்கிறது. ஒரு பத்தி எழுதினேன், கண் வலித்தது.

கட்டத்தை விட்டுப் பிக்சலுக்குப் போனது வரைகலை ஈமாக்ஸ். எழுத்துகளைச் சேர்த்து வடிவம் கொடுக்க ஈமாக்ஸ் 27 முதல் ஹார்ஃப்பஸ் என்ற கருவி வந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு வேறு எழுத்துரு, வேறு அளவு என்று வைக்கலாம். உள்ளீட்டு முறையும் உள்ளேயே இருக்கிறது, தமிழ்99 உட்பட. இது முக்கியம். கணினியின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினால் விம்மின் கட்டளை நிலையில் ஒரு விசையும் வேலை செய்யாது, கீழே போகத் தட்டினால் ஏதோ ஒரு தமிழெழுத்துதான் போகும். எடிட்டருக்குள்ளேயே மாற்றினால் எழுதும்போது மட்டும் தமிழ். விம்மில் "கீமேப்" என்ற ஆப்ஷன் இதற்குத்தான்.

அதே ஈமாக்ஸை "-என்டபிள்யூ" சேர்த்து டெர்மினலில் திறந்தால் மறுபடி சதுரங்கம். ஒரே நிரல், ஒரே அமைப்புக் கோப்பு. சாளரத்தில் தமிழ் எழுத்து எழுத்தாக நிற்கிறது, டெர்மினலில் கொம்பும் காலும் பிரிந்து கிடக்கின்றன.

மார்ச் 17

ஈமாக்ஸைப் புகழ்ந்ததற்கு உடனே தண்டனை: தமிழ்ச் சொற்கள் உள்ள ஓர் அட்டவணை போட்டேன். கோடுகள் பாம்பு மாதிரி நெளிந்தன. இடைவெளிகளை வைத்து நேராக்கும் அட்டவணைக்குக் கட்டம்தான் வேண்டும். பிக்சலில் அது நிற்காது. "விஅலைன்" என்ற பொதி சரிசெய்கிறது, கொஞ்சம் மெதுவாக.

மார்ச் 21

"எடிட்டரை மாற்று என்றா கேட்டேன்?" என்கிறார் கேள்வி கேட்டவர். சிரித்துவிட்டேன். உண்மைதான், இழை எங்கோ போய்விட்டது.

ஆனாலும் ஈமாக்ஸிலிருந்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்வியின் வேரையே அது அசைப்பதால். 2009இல் வந்த ஈமாக்ஸ் 23 முதல் அதைப் பின்னணியில் ஒருமுறை ஓடவிட்டு, அதே ஓட்டத்துக்கு ஒரு டெர்மினல் முகமும் ஒரு சாளர முகமும் ஒரே நேரத்தில் திறக்கலாம். சாளரத்தில் பாதி எழுதிய கோப்பை, சேமிக்காமலே, எஸ்எஸ்எச் வழியாக டெர்மினலில் திறந்து தொடரலாம். சாளரம் வரையும் ஜிடிகே என்ற நிரல்தொகுப்போடு கட்டிய ஈமாக்ஸில், திரைத் தொடர்பு திடீரென்று அறுந்தால் மொத்தமும் சரிந்துவிடக்கூடும். அதற்காகவே சிலர் லூசிட் என்ற பழைய முகத்தோடு கட்டிக்கொள்கிறார்கள், பார்க்க அழகில்லாவிட்டாலும். நியோவிம்மும் முகத்தைத் தனியாகப் பிரித்துவிட்டது: டெர்மினலும் ஒரு முகம், நியோவைட் இன்னொரு முகம்.

ஏப்ரல் 14

ஜிவிம் மாதம் முடிந்தது. என் கணினியில் நிரல் எழுத மறுபடி டெர்மினல் விம்முக்கு வந்துவிட்டேன். காரணம் கன்ட்ரோல்-இசட்டும் டிமக்ஸும். எஸ்எஸ்எச் அறுந்தாலும் டிமக்ஸுக்குள் வேலை அப்படியே நிற்கிறது, அதை எந்தச் சாளரமும் எனக்குத் தரவில்லை. இரண்டு கோப்புகளை ஒப்பிட மட்டும் ஜிவிம், எலியால் நடுக்கோட்டை இழுப்பது சுகம். தமிழில் எதையும் டெர்மினலில் எழுதுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். இந்தக் குறிப்பு ஈமாக்ஸ் சாளரத்தில் எழுதுவது.

உங்களுக்கு: வாரத்தில் ஒருநாள்தான் சர்வர் என்றால், டெர்மினலில் அடிப்படை கைவந்தால் போதும். மீதி நாள் ஜிவிம்மில் இருங்கள், யாரும் சைக்கிள் என்றால் மணியடித்துக்கொண்டு போங்கள். மார்ச் 3 மதியம் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

ஏப்ரல் 29, இரவு 11.40

இன்று ஒரு சர்வர். விம் என்று தட்டினால் இல்லை. விம்மின் மூதாதையான விஐ இருந்தது, மிகச் சிறிய பதிப்பு. ஒரு வரியைத் திருத்த உள்ளே போய்ப் பழக்கத்தில் மேல் அம்புக்குறியை அழுத்தினேன். மேலே புதிதாக ஒரு வரி திறந்து, அதில் ஏ என்று ஓர் ஆங்கில எழுத்து விழுந்தது. கீழ் அம்புக்குறிக்கு பி. மார்ச் 5இல் சொன்ன அந்த மூன்று பைட்டுகள்தான்: எஸ்கேப்பைத் தனியாக எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டளையாகவும் எழுத்தாகவும் படித்திருக்கிறது. அம்புக்குறியை விட்டுவிட்டு எச், ஜே, கே, எல்லுக்குப் போனேன். விஐ எழுதப்பட்ட ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற பழைய டெர்மினல் கருவியில் அம்புகளை அந்த நான்கு எழுத்துகளின் மேல்தான் அச்சடித்திருந்தார்கள்.